துருவின் மேல் வண்ணம் நிற்குமா?

(பதினோராம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்)

நம் பள்ளியின் பின்புறம், வேப்பமரத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று நிற்பதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். இடைவேளையில் ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் நமக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கார் 1978-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மார்க் 3 வகை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்த வண்டி. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இனி இப்படியொரு கார் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

இதைக் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் எண்ணியதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடற்கரைக் குப்பங்களில் ஆம்புலன்ஸ் வசதி இல்லாதிருந்த நாட்களில், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாய்மார்களை இந்தக் காரில்தான் தூத்துக்குடி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்களாம். ஓட்டுநர் இல்லாத இரவுகளில் அப்போதைய விடுதிக் காப்பாளராக இருந்த அருட்சகோதரி தாமே ஓட்டிச் சென்றிருக்கிறார். இன்று எண்பது வயதைக் கடந்து, முதிய சகோதரியர் இல்லத்தில் ஓய்வில் இருக்கும் அவர், இவ்வாண்டு நம் ஆண்டு விழாவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அதே வேளையில், காரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்ற பேச்சும் நடந்துகொண்டிருந்தது. "எங்களுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள், சிஸ்டர்" என்று நாங்கள் எண்மர் தலைமையாசிரியை அவர்களிடம் கேட்டோம். "செய்யுங்கள். ஆனால் செய்வதைத் திருந்தச் செய்யுங்கள்" என்றார்கள். அந்தச் சொல் எவ்வளவு பாரமானது என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த முயற்சியில் நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டு இரும்புக் கதவு, சன்னல் கம்பி, அரசு நமக்கு வழங்கிய மிதிவண்டி எல்லாவற்றுக்கும் இதே பாடந்தான்.

துரு என்பது என்ன?

ஏழாம், எட்டாம் வகுப்புகளில் மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறதா? காற்றும் நீரும் உள்ள குழாயில் ஆணி துருப்பிடித்தது. கொதிக்கவைத்த நீரில் போட்டு மேலே எண்ணெய் ஊற்றிய குழாயில் பிடிக்கவில்லை. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு வைத்த குழாயிலும் பிடிக்கவில்லை. இரும்பு, ஆக்ஸிஜன், நீர் ஆகிய மூன்றும் கூடினாலன்றித் துரு இல்லை. இம்மூன்றில் ஒன்றை விலக்கிவிட்டால் போதும். பெயிண்டின் முதல் வேலை இந்த விலக்கலே. அழகு அதன் இரண்டாவது வேலை.

துருப்பிடித்தல் சிறியதொரு மின்கலம் போல நடக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதில் கலக்கும். நடுவில் ஆக்ஸிஜன் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் இந்தச் சொட்டை வைத்தே துருவின் இயல்பை விளக்கினார். சொட்டின் நடுவில் இரும்பு கரைகிறது. அங்கிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்குச் செல்கின்றன. இடையில் ஒரு வளையமாகத் துரு படிகிறது. குழி விழும் இடம் ஒன்று, துரு படியும் இடம் மற்றொன்று. ஆகவே மேலே தெரியும் துருவைத் துடைத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு.

நம் ஊரில் இந்த நோய்க்கு உப்பும் துணை செய்கிறது. உப்பளங்களும் கடற்காற்றும் சூழ்ந்த ஊர் இது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும்; காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைக் கடலின் உப்புக்காற்றிலிருந்து காக்க எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள்! நூறாண்டுக்கும் மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

துருவுக்கு இன்னுமொரு கெட்ட குணம் உண்டு. அலுமினியப் பாத்திரத்தின் மேலும் ஆக்சைடு படிகிறது. ஆனால் அது கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொலபொலவென்று இருக்கும். தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஊதும். பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால், உள்ளே துரு ஊத ஊத, மேலே பெயிண்ட் கொப்புளித்து வெடித்துவிடும்.

நம் காரிலும் அதுதான் நடந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவையொட்டி அவசரம் அவசரமாக அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்களாம். விழா அன்று கார் பளபளத்தது. அடுத்த மழைக்காலத்திலேயே கதவின் அடிப்பகுதியில் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள் எழும்பிவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

முதலில் நோயறிதல்

எங்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டவர், பள்ளிக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் டிங்கர் அண்ணாச்சி. முதல் நாள் அவர் உப்புத்தாளைத் தொடவே விடவில்லை. "ஏ பிள்ளைகளா, முதல்ல பாருங்க. பார்க்காம கை வைக்கக் கூடாது" என்றார்.

துருவை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது மேல்துரு. தகட்டின் மேல் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பொடி போல இருக்கும்; உப்புத்தாளால் தேய்த்தால் கீழே வெள்ளை இரும்பு தெரியும். இரண்டாவது குழித்துரு. தேய்த்த பிறகும் கரும்புள்ளிகள் ஊசிமுனைக் குழிகளாக எஞ்சி நிற்கும். மூன்றாவது தின்றுவிட்ட துரு. திருப்புளியின் முனையால் அழுத்தினால் தகடு உள்ளே போகும், அல்லது ஓட்டையே விழும். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவதற்கு அறுவை சிகிச்சைதான்: கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும். கார்த் தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதில் பாதியைத் துரு தின்றுவிட்டால் எந்த மருந்தும் அதைத் திரும்ப வளர்க்காது.

பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். நல்ல தகட்டில் அது கப்பென்று ஒட்டும். தடித்த பட்டி பூசிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நம் காரின் இடப்பக்கப் பின்கதவின் அடியில் காந்தம் ஒட்டவே இல்லை. சுரண்டிப் பார்த்தால் ஓட்டையைத் துணியால் அடைத்து, மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்களுக்கு மனம் சோர்ந்துவிட்டது.

அடுத்து, துரு ஏன் அங்கே வந்தது என்று தேடினோம். கதவுக் கண்ணாடியின் இடுக்கு வழியாக மழைநீர் கதவின் உள்ளே இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. அவற்றில் மண்ணும் வேப்பிலையும் அடைத்துக் கிடந்தன. நீர் உள்ளேயே தேங்கித் தகட்டைத் தின்றிருக்கிறது. சக்கர வளைவின் உட்புறத்திலும் டிக்கியின் தரையிலும் இதே கதைதான். துளையை அடைத்து வைத்துவிட்டு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பயன் இல்லை.

தேய்ப்பதற்கு முன் கழுவுதல்

தகட்டில் படிந்த உப்பையும் எண்ணெய்ப் பசையையும் நீக்காமல் தேய்த்தால், உப்புத்தாள் போடும் கீறல்களுக்குள் அவை புகுந்துகொள்ளும். ஆகவே முதலில் சோப்புநீரால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசினோம். உப்பு நீரில் கரையும், தின்னரில் கரையாது. எண்ணெய் தின்னரில் கரையும். வெறும் நீரில் கரையாது. எனவே இரண்டும் தேவை. காய்ந்த பிறகு, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது காயும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தோம். ஒரே துணியைப் பயன்படுத்தினால் அழுக்கை இடம் மாற்றுவதாகத்தான் முடியும். தின்னர் நனைந்த துணிகள் எளிதில் தீப்பற்றும். அவற்றைத் திறந்த வெளியில், மூடியுள்ள தகரவாளியில், தண்ணீரில் போட்டு வைத்தோம். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்தவே கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொன்னார்.

இங்கே பெற்றோருக்கும் தோழியருக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டுகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டுகளில் காரீயத்தை 90 பிபிஎம் அளவுக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. காரீயத் தூள் மூச்சில் சென்றால் மூளைக்கும் நரம்புக்கும் கேடு. சிறு குழந்தைகளுக்கு மிகுந்த கேடு. ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்து, ஈரமாகவே தேய்த்தோம். முகமூடி, கண்ணாடி, கையுறை ஆகியவை இல்லாமல் எவரையும் அருகில் விடவில்லை. தேய்த்த சேற்றை மண்ணில் கொட்டாமல் தாளில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்தினோம்.

தேய்த்தல்

துரு தெரியும் இடத்தை மட்டும் தேய்ப்பது போதாது. பெயிண்டின் விளிம்புக்கு அடியில் துரு வேர் போல ஊர்ந்து சென்றிருக்கும். நல்ல வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, அதற்கு அப்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செல்ல வேண்டும். முதலில் வயர் பிரஷ்ஷால் பொலபொலத்த துருவை உதிர்த்தோம். பிறகு 80-ஆம் எண் தாள். அதன் பின் 120. அதன் பின் 180. எண் கூடக்கூடத் தாள் நைசாகும். முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் அழிக்கிறது. இரும்பும் பெயிண்டும் சந்திக்கும் விளிம்பைப் படிக்கட்டு போல விடாமல், விரலால் தடவினால் மேடு தெரியாதபடி சரிவாகத் தேய்த்தோம். இல்லாவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் அந்த விளிம்பு காட்டிக்கொடுக்கும்.

மின்கருவியால் வேகமாகத் தேய்க்கலாமே என்று நாங்கள் கேட்டோம். ஒரே இடத்தில் அழுத்தினால் தகடு சூடேறி நெளிந்துவிடும் என்றார் அண்ணாச்சி. மேலும் சுழலும் வயர் பிரஷ் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல், அதன் தலையை மட்டும் மெருகேற்றிப் பளபளக்க வைத்துவிடும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். உள்ளே துரு அப்படியே இருக்கும்.

குழிக்குள் இருக்கும் துருவுக்கு மருந்து

உப்புத்தாள் எட்டாத குழிகளுக்குள் செல்ல நீர்மம் வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமல்லவா? புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அதே முறையில் இரும்பின் துருவைக் கரைக்கப் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுகிறது. அது துருவைக் கரைப்பதோடு நிற்காமல், இரும்போடு சேர்ந்து இரும்புப் பாஸ்பேட் என்ற சாம்பல்நிறப் படலத்தையும் மெல்லியதாக உண்டாக்குகிறது. பெயிண்ட் பற்றிக்கொள்ள அந்தப் படலம் உதவும். இரும்பைப் பாஸ்பேட் படலத்தால் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் என்பவர் 1906-இல் காப்புரிமை பெற்றார்.

இதைப் படித்தபோது எங்கள் நினைவு டெல்லிக்குப் போயிற்று. மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையானது. ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. அது ஏன் துருப்பிடித்து அழியவில்லை? அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி என்றும், அதனால் மேற்பரப்பில் பாஸ்பேட் கலந்த காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்றும் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். நம் நாட்டுப் பழங்கால உலைக்களத்தில் அமைந்த காப்புக்கும், இன்று கடையில் புட்டியில் வாங்கும் மருந்துக்கும் ஓர் உறவு இருப்பது வியப்பல்லவா?

இன்னொரு மருந்தும் உண்டு. கடையில் கிடைக்கும் துருமாற்றிகள் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். துருவோடு சேர்ந்தால் அது கறுப்பாக, கெட்டிப்பட்ட பொருளாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் கொண்டு மையும் கறுப்புச் சாயமும் செய்தது இதே வினையால்தான். கடுக்காயை வேகவைத்த நீரைத் துருப்பிடித்த ஆணி மேல் விட்டுப் பார்த்தோம். சற்று நேரத்தில் ஆணி கறுத்தது. எனினும் இந்த மாற்றிகள் தகட்டோடு ஒட்டிய மெல்லிய துருவுக்கு மட்டுமே உதவும். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் பூசினால், மேல் அடுக்கு மட்டும் கறுக்கும். அடியில் பழைய கதை தொடரும்.

நாங்கள் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துருநீக்கியைத் தேர்ந்தெடுத்தோம். கையுறை, கண்கண்ணாடி அணிந்து, வேதியியல் ஆசிரியை முன்னிலையில், பிரஷ்ஷால் பூசினோம். புட்டியில் குறித்த நேரம் வரை அது காய்ந்துவிடாமல் ஈரமாகவே வைத்து, குழிகளைச் சிறு பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தோம். பிறகு நிறைய நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்தோம். அமிலம் மிச்சமிருந்தால் அடுத்துப் பூசும் பிரைமர் பிடிக்காது. தோழியரே, அமிலத்தை நீர்க்கச் செய்ய வேண்டி வந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது.

நாங்கள் செய்த இரண்டு தவறுகள்

எங்கள் பிழைகளையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

குளியலறை கழுவும் ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கொண்டே துருவை எடுத்தால் என்ன என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல வேளையாகக் காரில் போடாமல், பட்டறையில் கிடைத்த பழைய தகட்டுத் துண்டில் போட்டுப் பார்த்தோம். துரு நுரைத்துக்கொண்டு மறைந்தது. தகடு வெள்ளியாக மின்னியது. எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் காலை வந்து பார்த்தால், அந்தத் தகடு முழுவதும் முன்னைவிட மோசமாக ஆரஞ்சு நிறத் துரு! காரணம் எளிது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழுவிய பிறகும் குளோரைடு குழிகளுக்குள் தங்கிவிடும். கடல் உப்பு செய்யும் அதே கேட்டை அதுவும் செய்யும்.

இரண்டாவது தவறு காரிலேயே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை முன்பக்க மட்கார்டை வெள்ளை வெளேரென்று தேய்த்து முடித்தோம். மணி அடித்துவிட்டது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை பிரைமர் அடித்துக்கொள்ளலாம் என்று போய்விட்டோம். இடையில் ஞாயிறன்று மழை. திங்கள் காலை கொட்டகைக்குள் வந்தால், மட்கார்டு முழுவதும் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. அதன் நடுவே ஐந்து விரல்களின் பதிவு செம்பழுப்பில் தெளிவாகத் தெரிந்தது! யாரோ கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்திருக்கிறோம். வியர்வையிலும் உப்பு உண்டல்லவா? காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மூன்று சனிக்கிழமை உழைப்பு வீணாயிற்று. ஒருத்தி அழுதே விட்டாள். அண்ணாச்சி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இரும்புக்கு லீவு கிடையாது, பிள்ளைகளா. அன்னிக்குத் தேய்ச்சதை அன்னிக்கே மூடணும்" என்றார். அதன் பிறகு ஒரு நாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவு இடத்தை மட்டுமே தேய்த்தோம்.

பிரைமர்

வெறும் இரும்பின் மேல் எதை முதலில் பூசுவது? வீட்டுக் கம்பிக் கதவுகளுக்கு வழக்கமாக ரெட் ஆக்சைடு பூசுகிறார்கள். விலை குறைவு, பூசுவதும் எளிது. ஆனால் அதைப் பூசி அப்படியே விட்டுவிட்டால் ஈரம் மெல்ல உள்ளே புகும். கார்த் தகட்டுக்கு எபாக்சி பிரைமர் சிறந்தது. அது இரண்டு டப்பாக்களில் வரும்: ஒன்று பிசின், மற்றொன்று கடினமாக்கி. குறித்த விகிதத்தில் கலந்ததும் இரண்டும் வேதிவினை புரிந்து, நீர் எளிதில் ஊடுருவாத கெட்டிப் படலமாக இறுகும். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். மிஞ்சியது டப்பாவிலேயே கல்லாகிவிடும். அடுத்த கோட்டை எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பதும் டப்பாவில் இருக்கும். அந்தக் காலம் கடந்தால் லேசாகத் தேய்த்துவிட்டே அடிக்க வேண்டும். அமிலம் கலந்த வேறுவகைப் பிரைமரின் மேல் எபாக்சியை அடிப்பது சரிவராது; எனவே ஒரே நிறுவனத்தின் வரிசைப்படி செல்வது நல்லது.

பட்டி பூசுவது எபாக்சிக்கு மேலேதான். பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. வெறும் இரும்பின் மேல் பூசினால் அதுவே துருவுக்கு வழியாகும். பட்டியைத் தேய்த்துச் சமன் செய்து, மேலும் ஒரு பிரைமர் அடித்து, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் வழவழப்பாக்கிய பிறகே வண்ணத்துக்கு முறை வரும். வெல்டிங் வேலையையும் ஸ்ப்ரே வேலைகளையும் அண்ணாச்சியே தம் பட்டறையில் செய்து கொடுத்தார். இருபாகப் பாலியுரேத்தேன் பெயிண்டுகளின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. அதன் புகை நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. துணி முகமூடி அதற்குப் போதாது. அந்த வேலையில் பிள்ளைகள் நிற்கவே கூடாது.

ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது

இதற்குள் சனவரி பிறந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. முன்பகுதியும் வலப்பக்கமும் பிரைமர் வரை முடிந்திருந்தன. இடப்பக்கக் கதவுகளில் குழித்துரு இன்னும் மிச்சம். "மேலாக ஒரு கோட் வெள்ளை அடித்துவிடுவோம், விழா முடிந்ததும் உரித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்" என்று எங்களில் சிலர் சொன்னோம். வயதான அருட்சகோதரி, தாம் ஓட்டிய காரைப் பளபளப்பாகப் பார்க்க வேண்டாமா? ஆசை எல்லோருக்குமே இருந்தது.

அப்போதுதான் மொட்டை மாடியில் அக்டோபரில் தொங்கவிட்ட தகட்டுத் துண்டுகளை இறக்கிப் பார்த்தோம். ஒன்றில் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தோம். அது கொப்புளித்து, நகத்தால் கிள்ளினால் அப்பளம் போல உதிர்ந்தது. இன்னொன்றில் மேலாகத் தேய்த்து அடித்திருந்தோம். குழிகள் இருந்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டின. முறைப்படி தேய்த்து, மருந்திட்டு, எபாக்சி பூசிய துண்டு மட்டும் வைத்தது வைத்தபடியே இருந்தது. மூன்று துண்டுகளையும் மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்தோம். பிறகு ஒருவரும் வெள்ளைப் பெயிண்டைப் பற்றிப் பேசவில்லை.

விழா அன்று கார் பாதி சாம்பல், பாதி பழைய வெள்ளையாக, திட்டுத்திட்டாக வாசலில் நின்றது. பெற்றோர் சிலர் முகம் சுளித்ததையும் பார்த்தோம். அருட்சகோதரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். சாம்பல் நிற மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தார். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் நடந்ததையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "ராத்திரியில் இதில் ஏறியவர்கள் யாரும் கார் என்ன நிறம் என்று பார்க்கவில்லை, பிள்ளைகளே. வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள்" என்றார். எங்களுக்கு அதைவிட வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி இறுதியில் மிச்ச வேலையும் முடிந்தது. இப்போது கார் வெள்ளையாக நிற்கிறது. கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகு அடித்திருக்கிறோம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பினர் ஏற்றிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே ஈரம் வியர்த்து நின்றுவிடும்.

"பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பட்டறை வேலை?" என்று தொடக்கத்தில் கேட்ட பெற்றோர் சிலர், இன்று தம் வீட்டுக் கம்பிக் கதவுக்கு என்ன பூசலாம் என்று எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் விடையையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறோம். உப்பைக் கழுவுங்கள், வெள்ளை இரும்பு வரும் வரை தேயுங்கள், குழிக்குள் இருப்பதையும் எடுங்கள், அன்றே மூடுங்கள், நீர் தேங்கும் வழியை அடையுங்கள். அதன் பிறகு உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடியுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சும்மா சொல்லவில்லை.